கொடி திரும்பி வந்த விழா

ஊரில் திருவிழா நடக்கிறது. முதல் நாள் கொடி ஏற்றுகிறோம். பிறகு தேர், கூத்து, கடைவீதி என்று ஊரே களை கட்டுகிறது. கடைசி நாள் கொடியை இறக்குகிறோம். கொடி இறக்கினால்தான் திருவிழா முடிந்தது என்று பொருள்.

உலக விளையாட்டுத் திருவிழாவுக்கும் இதே முறைதான். அதன் பெயர் ஒலிம்பிக். முதல் நாள் தொடக்க விழா. அன்று ஒலிம்பிக் கொடியை ஏற்றுவார்கள், தீபம் ஏற்றுவார்கள். கடைசி நாள் நிறைவு விழா. அன்று கொடியை இறக்குவார்கள், தீபத்தை அணைப்பார்கள்.

இந்தப் பாடத்தில் ஒரு நிறைவு விழாவைப் பற்றிப் படிப்போம். அது 2014ஆம் ஆண்டு ரஷ்ய நாட்டில் நடந்தது. அந்த விழாவுக்கும் நம் நாட்டுக் கொடிக்கும் ஒரு தொடர்பு உண்டு.

பனியில் விளையாட்டு

ஒலிம்பிக் இரண்டு வகை. ஓட்டம், நீச்சல், ஹாக்கி, மல்யுத்தம் போன்றவை கோடைக்கால ஒலிம்பிக்கில் நடக்கும். பனியிலும் பனிக்கட்டியிலும் ஆடும் விளையாட்டுகளுக்கு குளிர்கால ஒலிம்பிக் என்று பெயர். முதல் குளிர்கால ஒலிம்பிக் 1924ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் ஷாமனி என்ற ஊரில் நடந்தது. இப்போது நான்கு ஆண்டுக்கு ஒரு முறை நடக்கிறது.

நம் நாட்டில் பெரும்பாலோர் பனியைப் படத்தில்தான் பார்த்திருப்போம். ஆனால் இமயமலைப் பக்கம் அப்படி இல்லை. காஷ்மீரிலும் இமாச்சலப் பிரதேசத்திலும் குளிர்காலத்தில் ஆள் உயரத்துக்குப் பனி கொட்டும். அங்கே வளர்ந்த பிள்ளைகள் பனியில் சறுக்கக் கற்றுக்கொள்கிறார்கள். அவர்களில் சிலர் உலகப் போட்டிக்கும் போகிறார்கள்.

2014ஆம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக் ரஷ்யாவில் சோச்சி என்ற நகரில் நடந்தது. பிப்ரவரி 7ஆம் தேதி தொடங்கியது. 23ஆம் தேதி முடிந்தது. 88 நாடுகள் கலந்துகொண்டன. இந்தியாவிலிருந்து மூன்று வீரர்கள் போனார்கள்.

ஒருவர் சிவ கேசவன். இமாச்சலப் பிரதேசத்தில் மணாலி பக்கத்தில் வளர்ந்தவர். அவர் ஆடிய விளையாட்டுக்கு லூஜ் என்று பெயர். ஒரு சிறு சறுக்கு வண்டியில் மல்லாந்து படுக்க வேண்டும். கால் முன்னே இருக்கும், தலை பின்னே இருக்கும். பனிக்கட்டிப் பாதையில் வண்டி பாய்ந்து இறங்கும். வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல். நம் நாட்டில் இதற்கு முறையான பாதை இல்லை. அதனால் அவர் வண்டிக்குச் சக்கரம் மாட்டி, இமயமலைத் தார்ச்சாலையில் பயிற்சி செய்தார். 1998ஆம் ஆண்டு, 16 வயதிலேயே அவர் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். சோச்சி அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக்.

மற்ற இருவர் ஹிமான்ஷு தாக்கூர், நதீம் இக்பால். ஹிமான்ஷு மலைச் சரிவில் சறுக்கி இறங்கும் வீரர். நதீம் பனித்தரையில் 15 கிலோமீட்டர் தூரம் சறுக்கி ஓடும் போட்டிக்குப் போனார்.

கொடி இல்லாமல் நடந்தவர்கள்

தொடக்க விழாவில் ஒவ்வொரு நாட்டு வீரர்களும் அணிவகுத்து வருவார்கள். முன்னால் அவர்கள் நாட்டுக் கொடி வரும். பின்னால் வீரர்கள் வருவார்கள். ஒலிபெருக்கியில் நாட்டின் பெயரைச் சொல்வார்கள். மக்கள் கை தட்டுவார்கள்.

சோச்சியில் நம் வீரர்கள் மூவரும் வந்தார்கள். ஆனால் அவர்களுக்கு முன்னால் மூவர்ணக் கொடி வரவில்லை. ஐந்து வளையம் போட்ட ஒலிம்பிக் கொடிதான் வந்தது. இந்தியா என்ற பெயரும் இல்லை. "தனிப்பட்ட ஒலிம்பிக் பங்கேற்பாளர்கள்" என்ற பெயரில்தான் அவர்கள் நடந்தார்கள்.

இவ்வளவு பெரிய நாடு. இத்தனை கோடி மக்கள். பிறகு ஏன் இப்படி ஆயிற்று?

வீரர்கள் செய்த தவறு அல்ல

ஒவ்வொரு நாட்டிலும் ஒலிம்பிக் வேலைகளைக் கவனிக்க ஒரு சங்கம் உண்டு. நம் நாட்டில் அது இந்திய ஒலிம்பிக் சங்கம். எல்லா நாட்டுச் சங்கங்களுக்கும் மேலே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இருக்கிறது. சங்கங்கள் அதன் விதிப்படி நடக்க வேண்டும்.

2012ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தியச் சங்கத்துக்குத் தேர்தல் வந்தது. தேர்தல் முறை ஒலிம்பிக் விதிப்படி இல்லை என்று கமிட்டி சொன்னது. அரசின் தலையீடு இருக்கிறது என்றும் சொன்னது. டிசம்பர் 4ஆம் தேதி சங்கத்தை இடைநீக்கம் செய்தது. அப்படியும் சங்கம் தேர்தலை நடத்தியது. ஊழல் வழக்கை எதிர்கொண்டிருந்த ஒருவரும் பொறுப்புக்கு வந்தார்.

குற்றம் சாட்டுவது வேறு, குற்றம் நிரூபிப்பது வேறு. அது உண்மைதான். ஆனால் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை உள்ளவர்கள் பொறுப்புக்குப் போட்டியிடக் கூடாது என்று கமிட்டி கண்டிப்பாகச் சொன்னது. சங்கம் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு வருடம் இழுபறியாகப் போனது. 2013ஆம் ஆண்டு டிசம்பரில்தான் சங்கம் தன் விதியை மாற்றியது. புதிய தேர்தலுக்கு 2014 பிப்ரவரி 9ஆம் தேதி குறித்தார்கள்.

தேதியைக் கவனியுங்கள். சோச்சியில் தொடக்க விழா பிப்ரவரி 7ஆம் தேதி. தேர்தல் அதற்கு இரண்டு நாள் கழித்து. தேர்தலைச் சில வாரம் முன்னதாக வைத்திருந்தால், தொடக்க விழாவிலேயே நம் கொடி பறந்திருக்க முடியும்.

ஒரே நாளில் இரண்டு நிகழ்ச்சிகள்

பிப்ரவரி 9ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அன்று டில்லியில் சங்கத் தேர்தல் நடந்தது. அதே நாளில் சோச்சியில் சிவ கேசவன் தன் கடைசிச் சுற்றில் பனிப்பாதையில் இறங்கினார். அவருக்குக் கிடைத்தது 37வது இடம். நாட்டின் பெயர் இல்லாமலே அவர் போட்டி முடிந்துவிட்டது.

இரண்டு நாள் கழிந்தது. பிப்ரவரி 11ஆம் தேதி கமிட்டி இடைநீக்கத்தை விலக்கியது. ஒலிம்பிக் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு நாட்டின் தடை நீங்கியது அதுவே முதல் முறை. வீரர்கள் தங்கும் ஒலிம்பிக் கிராமத்தில் நம் மூவர்ணக் கொடியை ஏற்றினார்கள். நதீமும் ஹிமான்ஷுவும் தங்கள் போட்டிகளில் இந்தியாவின் பெயரிலேயே கலந்துகொண்டார்கள்.

பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் பெயர் கிடைத்தது.

நிறைவு விழாவில் என்ன நடந்தது?

பிப்ரவரி 23ஆம் தேதி இரவு சோச்சியில் ஃபிஷ்ட் அரங்கில் நிறைவு விழா நடந்தது. எல்லா நாட்டுக் கொடிகளும் அரங்குக்குள் வந்தன. இந்த முறை நம் மூவர்ணக் கொடியும் அவற்றோடு வந்தது. 7ஆம் தேதி வராத கொடி 23ஆம் தேதி வந்துவிட்டது.

அந்த விழாவில் ஒரு வேடிக்கையும் நடந்தது. தொடக்க விழாவில் ஐந்து பெரிய பனிப்பூக்கள் ஐந்து வளையங்களாக விரிய வேண்டும். நான்கு விரிந்தன. ஐந்தாவது விரியவே இல்லை. உலகமே அதைப் பார்த்துச் சிரித்தது. நிறைவு விழாவில் நூற்றுக்கணக்கான நடனக்காரர்கள் கூடி வளையங்களாக நின்றார்கள். நான்கு வளையம் விரிந்தது. ஐந்தாவது மட்டும் வேண்டுமென்றே விரியாமல் நின்றது! மக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு அதுவும் விரிந்தது. தங்கள் குறையைத் தாங்களே கேலி செய்துகொண்டார்கள். கேலி செய்தவர்களும் கை தட்டினார்கள்.

பிறகு ஆண்களின் 50 கிலோமீட்டர் பனிச்சறுக்கு ஓட்டத்துக்குப் பதக்கம் கொடுத்தார்கள். விளையாட்டுக்கு உழைத்த தொண்டர்களுக்கு நன்றி சொன்னார்கள். ஒலிம்பிக் கொடியை இறக்கினார்கள். அடுத்த குளிர்கால ஒலிம்பிக் 2018ஆம் ஆண்டு தென்கொரியாவில் பியோங்சாங் என்ற இடத்தில் நடக்க இருந்தது. அதனால் சோச்சி மேயர் கொடியைக் கொடுக்க, அது பியோங்சாங் மேயரின் கைக்குப் போனது.

கமிட்டித் தலைவர் தாமஸ் பாக் விளையாட்டுகள் முடிந்ததாக அறிவித்தார். கடைசியில் ஒரு பெரிய பொம்மைக் கரடி வந்தது. அது ஊதியது, தீபம் அணைந்தது. கரடியின் கண்ணில் ஒரு துளி நீர் வழிந்தது.

ஒரு கடிதத்தின் வலிமை

நிறைவு விழாவில் இன்னொரு வழக்கம் உண்டு. கொடிகள் தனித்தனியாக வரும். ஆனால் வீரர்கள் நாடு நாடாகப் பிரிந்து வர மாட்டார்கள். எல்லாரும் கலந்து, பேசிச் சிரித்து, கை அசைத்துக்கொண்டு வருவார்கள். யார் எந்த நாடு என்றே தெரியாது.

இந்த வழக்கத்தை யார் தொடங்கினார்கள் தெரியுமா? ராஜாவோ மந்திரியோ இல்லை. தச்சு வேலை பழகிக்கொண்டிருந்த 17 வயதுப் பையன். பெயர் ஜான் இயன் விங். ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த சீனக் குடும்பத்துப் பிள்ளை.

1956ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் ஒலிம்பிக் நடந்தது. அந்த நேரத்தில் உலகில் ஒரே சண்டை. எகிப்தில் சூயஸ் கால்வாய்க்காகப் போர். ஹங்கேரி நாட்டுக்குள் சோவியத் படை புகுந்தது. கோபத்தில் சில நாடுகள் ஒலிம்பிக்குக்கே வரவில்லை.

அந்தப் பையன் விழாக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினான். நிறைவு விழாவில் வீரர்கள் நாடு நாடாக அணிவகுக்க வேண்டாம். எல்லாரும் ஒரே நாடு போலக் கலந்து நடக்கட்டும். இதுதான் அவன் எழுதிய கருத்து. விழாவுக்குச் சில நாள்தான் இருந்தது. ஆனாலும் குழு ஒப்புக்கொண்டது. அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் தொடர்கிறது. கடிதம் எழுதியவர் யார் என்பது பல ஆண்டுகள் வெளியே தெரியவில்லை. பின்னால் தெரிந்தது. இப்போது சிட்னி நகரில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நாம் யோசிக்க வேண்டியது

தலைவர்கள் விதியை மீறினார்கள். தலை குனிந்தவர்கள் வீரர்கள். உழைத்தவர் ஒருவர், தவறு செய்தவர் வேறொருவர். தண்டனை மட்டும் உழைத்தவருக்கு!

இது ஒலிம்பிக் சங்கத்தில் மட்டுமா நடக்கிறது? நம் ஊரிலும் சங்கங்கள் உண்டு. பால் கூட்டுறவுச் சங்கம், மகளிர் குழு, இளைஞர் மன்றம், பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கம். அங்கே தேர்தல் நேர்மையாக நடக்கிறதா? கணக்கு ஒழுங்காக இருக்கிறதா? தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது? படிக்கத் தெரிந்தவர்கள் அதை வாங்கிப் படிக்கலாம். கேள்வி கேட்கலாம். கேட்காமல் விட்டால் ஒரு நாள் நம் பெயரும் பட்டியலில் இல்லாமல் போகும்.

எழுதத் தெரிந்தவர்கள் கடிதம் எழுதலாம். ஒரு தச்சுத் தொழிலாளியின் கடிதம் உலக விழாவையே மாற்றியது. நம் கடிதம் நம் தெருவை மாற்றாதா?

புதிய சொற்கள்

நிறைவு விழா – முடிவு நாளில் நடக்கும் விழா
இடைநீக்கம் – சிறிது காலம் விலக்கி வைத்தல்
குற்றப்பத்திரிகை – ஒருவர் மீது உள்ள குற்றச்சாட்டைக் காட்டி நீதிமன்றத்தில் கொடுக்கும் எழுத்து
அணிவகுப்பு – வரிசையாக நடந்து வருதல்

விடை சொல்லுங்கள்

1. சோச்சி ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து எத்தனை வீரர்கள் கலந்துகொண்டார்கள்?
2. தொடக்க விழாவில் அவர்கள் எந்தக் கொடியின் பின்னால் நடந்தார்கள்? ஏன்?
3. 2014 பிப்ரவரி 9ஆம் தேதி நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் எவை?
4. நிறைவு விழாவில் வீரர்கள் ஏன் கலந்து நடக்கிறார்கள்?

கூடிப் பேசுங்கள்

உங்கள் ஊரில் என்னென்ன சங்கங்கள் இருக்கின்றன? அவற்றின் தலைவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? கணக்கை எப்போது படித்துக் காட்டுகிறார்கள்?

எழுதிப் பழகுங்கள்

உங்கள் ஊருக்கு வேண்டிய ஒன்றைக் கேட்டு, பஞ்சாயத்துத் தலைவருக்கு ஐந்து வரியில் ஒரு கடிதம் எழுதுங்கள். தேதி போடுங்கள். கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். எழுதியதோடு நிறுத்தாமல் கொண்டுபோய்க் கொடுங்கள்.