கடைப் பெயரை நம்பாதீர்கள்

கே: பக்கத்து வீட்டுப் பெரியவர் என் கணவருக்குக் கொடுத்த பம்ப் ஷாட்கனில் ‘ஜே.சி. ஹிக்கின்ஸ் மாடல் 20’ என்றிருக்கிறது. ஹிக்கின்ஸ் பெரிய துப்பாக்கி நிபுணரா? என்ன விலை போகும்?
– வாசகி, ஹூஸ்டன்

ப: ஹிக்கின்ஸ் சியர்ஸ் கடை நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அவ்வளவுதான். சியர்ஸ் துப்பாக்கிகளைப் பிறரிடம் செய்து வாங்கி, ஹிக்கின்ஸ் போன்ற பெயர்களைப் போட்டு விற்றது. குழலில் 583 என்று தொடங்கும் எண் இருந்தால், செய்தது ஹை ஸ்டாண்டர்டு நிறுவனம். விலை கேட்பதற்கு முன் செய்தவர் யாரென்று கண்டுபிடியுங்கள் என்று நான் தொண்டை வற்றச் சொல்வது இதற்காகத்தான். மாண்ட்கோமரி வார்டு கடையின் ‘வெஸ்டர்ன் ஃபீல்டு 550’ உண்மையில் மாஸ்பர்க் 500. சியர்ஸின் ‘டெட் வில்லியம்ஸ் 200’ உண்மையில் வின்செஸ்டர் 1200. சுடுவதில் குறைவில்லை. ஆனால் சேகரிப்பவர்கள் செய்தவர் பெயருக்குத்தான் பணம் கொடுப்பார்கள். அதனால் கடைப் பெயர் பொறித்தது மலிவாகவே போகும். விற்பவருக்கு இது வருத்தம். வேட்டைக்குத் துப்பாக்கி தேடுபவருக்கு லாபம். உங்களுடையது நல்ல உழைப்பாளி. சில நூறு டாலருக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

கே: இணையத்தில் ஜே.சி. ஹிக்கின்ஸ் மாடல் 20க்கு 900 டாலர் போட்டிருக்கிறார்கள்!
– வாசகர், டாலஸ்

ப: அது கேட்கும் விலை. ஏலத்தில் விற்று முடிந்த விலையைப் பாருங்கள்.

கே: என் பழைய ஷாட்கனில் வரிசை எண்ணே இல்லை. திருட்டுப் பொருளோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகர், டெட்ராய்ட்

ப: பயம் வேண்டாம். 1968ஆம் ஆண்டு அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு முன் மலிவான ஷாட்கன்கள் பல எண் இல்லாமலேயே வந்தன. ஆனால் எண் இருந்த இடத்தில் அரம் போட்ட தடம் தெரிந்தால் கதையே வேறு, அது குற்றம். அப்படியிருந்தால் வக்கீலைப் பாருங்கள்.

கே: தாத்தா காலத்து இரட்டைக்குழல். குழலில் அலையலையாகக் கோடுகள். பழுப்பேறிய குழலைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, தீபாவளிக்கு ஒரு வெடி வைக்கலாமா?
– வாசகர், ஓஹாயோ

ப: இரண்டுமே கூடாது! அந்தக் கோடுகள் இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழலின் அடையாளம். இன்றைய தோட்டாவின் அழுத்தத்துக்குச் செய்ததல்ல, குழல் வெடித்தால் கை போய்விடும். ஹார்டுவேர் கடைகளின் பெயர்களில் இப்படிப்பட்ட இரட்டைக்குழல்களைக் கனெக்டிகட்டின் கிரெசென்ட் நிறுவனம் ஏராளமாகச் செய்து தள்ளியது. தேய்த்தால் பழைய பூச்சோடு கொஞ்சநஞ்ச மதிப்பும் போகும். லேசாக எண்ணெய் தடவிச் சுவரில் மாட்டுங்கள். தீபாவளிக்குப் புஸ்வாணம் போதும்.