அரசனின் இரண்டாம் கல்லறை

நுழையும்முன்

தொன்மைச் சின்னங்களைக் காண வருவோர் பெருகப் பெருக, அவற்றின் வாழ்நாள் குறைகிறது. காணவும் வேண்டும், காக்கவும் வேண்டும். இச்சிக்கலுக்குத் தீர்வு காண எகிப்தில் மேற்கொள்ளப்பட்ட முயற்சியொன்றை இப்பாடம் விளக்குகிறது.

நைல் ஆற்றின் மேற்குக் கரையில், லக்சர் நகருக்கு எதிரே உள்ளது அரசர்களின் பள்ளத்தாக்கு. 1922ஆம் ஆண்டு ஹோவர்ட் கார்ட்டர் என்னும் ஆங்கிலேயத் தொல்லியலாளர், இளவயதில் இறந்த துட்டன்காமூன் என்னும் அரசனின் கல்லறையை அங்குக் கண்டறிந்தார். மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மூடிக்கிடந்த சிற்றறைகளுக்குள் மக்கள் வரத் தொடங்கினர். அவர்தம் மூச்சும் வியர்வையும் அறையின் ஈரப்பதத்தை உயர்த்தின. காலடியில் எழுந்த தூசி ஓவியங்களின்மீது படிந்தது.

2009ஆம் ஆண்டு, மாட்ரிட் நகரின் ஃபேக்டம் ஆர்ட்டே நிறுவனத்தார் அவ்வறையைப் பதிவு செய்யத் தொடங்கினர். லேசர் வருடி, சுவரைத் தொடாமலேயே அதன் மேடுபள்ளங்களை அளந்தது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் மட்டும் பத்துக் கோடிப் புள்ளிகள் அளக்கப்பட்டன! வண்ணங்கள் தனியே ஒளிப்படங்களாக எடுக்கப்பட்டன. பின்னர், கணினி இயக்கும் செதுக்குபொறி அம்மேடுபள்ளங்களைப் பலகைகளில் வடித்தது. தோல்போல் நெகிழும் மெல்லிய படலத்தில் வண்ணங்களை அச்சிட்டு அதன்மேல் ஒட்டினர். அச்சிட்ட கோடும் செதுக்கிய மேடும் இம்மியும் விலகாமல் பொருந்துவதே இப்பணியில் அரிது.

மூலச்சுவரில் கார்ட்டர் காலந்தொட்டே காணப்படும் பழுப்புப் புள்ளிகளும் நேர்ப்படியில் அவ்வாறே உள்ளன. அழகு கருதி அவற்றை நீக்காதது சாலச் சிறந்தது. நாளை அப்புள்ளிகள் பரவினால், அதனை அளந்து கூற இப்பதிவே சான்றாகும். கல்லறைப் பொருள்களை வெளிக்கொணரக் கார்ட்டர் அகற்றிய தெற்குச் சுவர்ப் பகுதி இன்று மூலக்கல்லறையில் இல்லை. ஹாரி பர்ட்டன் அன்று எடுத்த கறுப்பு வெள்ளை ஒளிப்படங்களின் துணையால் அதுவும் மீட்டுருவாக்கப்பட்டது. நேர்ப்படி, 2014இல் கார்ட்டர் வாழ்ந்த இல்லத்தின் அருகே நிறுவப்பட்டது.

பதிவின் பயன் அத்துடன் முடியவில்லை. நிறத்தை நீக்கிச் சுவரின் பரப்பை மட்டும் காண அது வழிசெய்தது. அதில் புலப்பட்ட கோடுகளை ஆராய்ந்த நிக்கோலஸ் ரீவ்ஸ், வடக்குச் சுவருக்குப் பின்னே மறைவறை இருக்கலாம் என 2015இல் எழுதினார். ராடார் ஆய்வுகள் நடைபெற்றன. 2018இல் இத்தாலிய ஆய்வுக்குழு அத்தகைய அறை இல்லை என அறிவித்தது. கருத்து நிலைபெறவில்லை, ஆயினும், சுவரில் ஓர் உளியும் படாமல் அவ்வினா எழுந்தது, விடையும் கிடைத்தது.

நேர்ப்படி அமைந்த பின்னும் மூலக்கல்லறை மூடப்படவில்லை. அரசனின் உடல் அங்கேயே கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. தனிக்கட்டணம் செலுத்துவோர் இன்றும் அதனுள் சென்று வருகின்றனர்.