முழு ஆடுகளம்

ஒரு கூடைப்பந்து ஆட்டத்தைக் கற்பனை செய்து பாருங்கள். ஒவ்வோர் அணியிலும் ஐவருக்குப் பதிலாக அறுவர் இருக்கிறார்கள். அவர்களுள் மூவரின் வேலை, பந்தைக் கூடைக்குள் போடுவது மட்டுமே. மற்ற மூவரின் வேலை, எதிரணியினரைத் தடுப்பது மட்டுமே. நடுக்கோட்டை எவரும் தாண்டக்கூடாது. பந்து மறுபக்கம் போய்விட்டால், இந்தப் பக்கத்தில் நிற்பவர்கள் இடுப்பில் கைவைத்தபடி வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், 1970களில்கூட, உயர்நிலைப்பள்ளி மாணவிகள் இப்படித்தான் கூடைப்பந்து விளையாடினார்கள். வலைப்பந்து ஆடிப் பழகியவர்களுக்கு இது பெரிய வியப்பாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால், வலைப்பந்து தனக்கென விதிகளைக் கொண்ட வேறோர் ஆட்டம். இங்கோ ஒரே ஆட்டத்தில் மாணவர்களுக்கு முழு ஆடுகளமும் மாணவிகளுக்குப் பாதி ஆடுகளமும் கொடுக்கப்பட்டன. முழு ஆடுகளத்திலும் ஓடினால் பெண்களின் உடல் தாங்காது என்ற பழைய நம்பிக்கையில் பிறந்த விதி அது.

அந்தப் பாதி ஆடுகளத்தில் வளர்ந்தவர்தான் பேட் சம்மிட். பின்னாளில் டென்னசிப் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு 38 பருவங்கள் தலைமைப் பயிற்றுநராக இருந்து, 1,098 ஆட்டங்களில் வெற்றி தேடித் தந்தவர்.

பேட் 1952ஆம் ஆண்டு ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அவருக்கு மூன்று அண்ணன்கள். பகல் முழுவதும் பண்ணை வேலை; மாடுகளைக் கவனிப்பதிலும் வயல் வேலையிலும் ஆண், பெண் என்ற பேதம் அந்த வீட்டில் இல்லை. வேலை முடிந்ததும் வைக்கோல் அடுக்கி வைக்கும் பரணில் அண்ணன்களோடு கூடைப்பந்து ஆடுவார். தங்கை என்பதற்காக அவர்கள் விட்டுக்கொடுத்ததில்லை. அவர் சேரவேண்டிய உயர்நிலைப்பள்ளியில் பெண்கள் அணி இல்லை என்று தெரிந்ததும், அணி இருந்த பக்கத்து வட்டாரத்திற்குக் குடும்பமே வீடு மாறியது. மகளின் விளையாட்டுக்காக வீடு மாறுவது இன்றுகூட எல்லாக் குடும்பங்களும் செய்யக்கூடியதன்று.

1972இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. 'டைட்டில் நைன்' என்பது அதன் பெயர். அரசாங்க நிதி பெறும் எந்தக் கல்வி நிலையமும் ஆண், பெண் என வேறுபாடு காட்டக்கூடாது என்று அது கூறியது. சட்டம் வந்துவிட்டது, ஆனால், பணமும் வசதியும் உடனே வந்துவிடவில்லை. 1974இல் பேட் டென்னசிப் பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவியாகவும் துணைப் பயிற்றுநராகவும் சேரவிருந்தார். அந்நேரத்தில் அணியின் தலைமைப் பயிற்றுநர் விடுப்பில் சென்றதால், அந்தப் பொறுப்பு 22 வயதான பேட்டின் கைக்கு வந்தது. அதுவரை அவர் எந்த அணிக்கும் பயிற்சி அளித்ததில்லை. ஆட்டக்காரர்களுள் சிலர் ஏறத்தாழ அவர் வயதினர்.

அவருக்கு மாதச் சம்பளம் 250 அமெரிக்க வெள்ளி. வெளியூர் ஆட்டங்களுக்கு வேனை ஓட்டிச் சென்றவரும் அவரே. ஆட்டக்காரர்களின் சீருடைகளைத் துவைத்தவரும் அவரே. அந்தச் சீருடைகளை வாங்க டோநட் விற்றுப் பணம் திரட்டியிருந்தார்கள். ஒருமுறை தங்கும் விடுதிக்குப் பணம் இல்லாததால், எதிரணியின் விளையாட்டரங்கிலேயே பாய் விரித்துப் படுத்துவிட்டு மறுநாள் ஆடினார்கள். அவர் பயிற்றுவித்த முதல் ஆட்டத்தில் டென்னசி ஒரே ஒரு புள்ளியில் தோற்றது.

அதே ஆண்டுகளில் அவர் தம் முழங்காலையும் தேற்றிக்கொண்டிருந்தார். கல்லூரியின் கடைசி ஆண்டில் ஏற்பட்ட கடுமையான காயம் அது. படிப்பு, பயிற்றுநர் பணி, சொந்தப் பயிற்சி மூன்றையும் ஒன்றாகச் சுமந்து, 1976ஆம் ஆண்டு மோண்ட்ரியால் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் இணைத் தலைவராக ஆடி வெள்ளிப் பதக்கம் வென்றார். பெண்கள் கூடைப்பந்து ஒலிம்பிக்கில் இடம்பெற்றது அதுவே முதல்முறை. எட்டு ஆண்டுகள் கழித்து லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தங்கம் வென்ற அமெரிக்க அணிக்கு அவர் பயிற்றுநர்.

இதற்கிடையில் பாதி ஆடுகளப் பிரச்சினை தீரவில்லை. கல்லூரிகளில் பெண்களும் ஐவர் ஆட்டத்திற்கு மாறிவிட்டார்கள். டென்னசிப் பள்ளிகளிலிருந்து வந்த மாணவிகளோ ஆட்டத்தின் ஒரு பாதியை மட்டுமே கற்றிருந்தார்கள். பந்து போடத் தெரிந்தவருக்குத் தடுக்கத் தெரியாது. தடுக்கத் தெரிந்தவர் ஒருமுறைகூடக் கூடையை நோக்கிப் பந்தை எறிந்திருக்கமாட்டார். இப்படிப்பட்டவருக்கு எந்தக் கல்லூரி உபகாரச் சம்பளம் தரும்? விதியை மாற்றாவிட்டால் தம் சொந்த மாநில மாணவிகளை அணியில் சேர்க்கப் போவதில்லை என்று பேட் வெளிப்படையாகவே எச்சரித்தார். 1970களின் இறுதியில் விதி மாறியது. அவருடைய கோப்பைகளைவிட இதையே பெரிய வெற்றி என்று நான் கருதுகிறேன். கோப்பை ஓர் அணிக்குரியது. இந்த மாற்றமோ அந்த மாநிலத்தில் பந்தைத் தொட்ட ஒவ்வொரு பள்ளி மாணவிக்கும் உரியது.

கோப்பைகளும் குறைவில்லை. 1987 முதல் 2008 வரை எட்டு முறை தேசியக் கல்லூரி வெற்றியாளர் பட்டத்தை அவர் அணி கைப்பற்றியது. 1997இல் பட்டம் வென்ற அணி அந்தப் பருவத்தில் பத்து ஆட்டங்களில் தோற்றிருந்தது. அடுத்த பருவத்தில் 39 ஆட்டங்கள் ஆடி, ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

பேட்டின் கண்டிப்பு புகழ்பெற்றது. பயிற்சியின்போது ஆண் மாணவர்களை எதிரணியாக நிறுத்தித் தம் ஆட்டக்காரர்களை மோதவிடுவார். அவருடைய பார்வை ஒன்றே போதும், தவறு செய்தவர் தலைகுனிந்துவிடுவார். அந்தக் கடுமை எல்லாருக்கும் ஒத்துவராது. அணியை விட்டு விலகியவர்களும் உண்டு. ஆனால், அவர் விதிகளுள் ஒன்று ஆடுகளத்திற்கு வெளியே இருந்தது. வகுப்பில் ஆட்டக்காரர்கள் முதல் மூன்று வரிசைக்குள்தான் அமர வேண்டும். வகுப்புக்கு மட்டம் போட்டால் ஆட்டத்தில் இடமில்லை, அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் சரி. அணியில் தமக்குரிய ஆண்டுகளை முழுமையாக ஆடி முடித்த ஆட்டக்காரர்கள் அனைவரும் பட்டம் பெற்றார்கள். 38 பருவங்களிலும் இதற்கு விதிவிலக்கு இல்லை.

2011இல், 59 வயதில், அவருக்கு அல்சைமர் நோய் இருப்பது கண்டறியப்பட்டது. நினைவாற்றலைச் சிறிது சிறிதாக அழிக்கும் இந்நோய் பெரும்பாலும் முதியவர்களுக்கே வரும். எதிரணியின் ஒவ்வோர் அசைவையும் மனத்தில் பதித்து வைத்திருந்தவருக்கு, எந்த உத்தியைச் சொல்வது என்பது ஆட்டத்தின் நடுவே நினைவுக்கு வராமல் போகத் தொடங்கியிருந்தது. அவர் அதை மறைக்கவில்லை. ஆட்டக்காரர்களிடம் நேரில் சொன்னார். ஆகஸ்ட்டில் உலகத்திற்கும் அறிவித்தார். பிறகு இன்னொரு பருவம் பயிற்சி அளிக்க முன்வந்தார்.

இது சரியான முடிவா? நினைவு தடுமாறும் ஒருவரிடம் ஓர் அணியை ஒப்படைப்பது ஆட்டக்காரர்களுக்கு நியாயமா என்று கேட்பவர்கள் இருக்கலாம். அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. அவரும் தள்ளிவிடவில்லை என்றே தோன்றுகிறது. ஆட்டத்தை நடத்தும் பொறுப்பில் பெரும்பகுதியைத் துணைப் பயிற்றுநர்களிடம் கொடுத்துவிட்டு, தம்மால் முடிந்ததை மட்டும் தம் கையில் வைத்துக்கொண்டார். அந்தப் பருவத்தில் அணி 27 ஆட்டங்களில் வென்று, 9 ஆட்டங்களில் தோற்றது. அவருக்கு ஆதரவான வாசகம் பொறித்த சட்டைகளை அணிந்து ரசிகர்கள் அரங்கிற்கு வந்தார்கள். நோயைப் பற்றிப் பேசவே பலர் கூச்சப்பட்ட காலத்தில், அல்சைமர் ஆய்வுக்கு நிதி திரட்ட அவர் தம் பெயரில் ஓர் அறநிறுவனத்தையும் தொடங்கினார். 2016ஆம் ஆண்டு ஜூன் மாதம், 64ஆவது வயதில் காலமாகும்வரை அந்நோய் அவரை விடவில்லை.

2012 ஏப்ரலில் அவர் பதவியிலிருந்து விலகியபோது, அடுத்த தலைமைப் பயிற்றுநராக ஹாலி வார்லிக் நியமிக்கப்பட்டார். 1976இல் மாணவியாக வந்து பேட்டின் அணியில் ஆடியவர் அவர். பிறகு 27 ஆண்டுகள் அவருக்குத் துணைப் பயிற்றுநராகப் பணியாற்றியவர். செய்தியாளர்கள் கூடியிருந்த அந்தக் கூட்டத்தில் பேட் தம் விசிலை எடுத்து வார்லிக்கிடம் கொடுத்தார்.