தாயத்தில் வெட்டு: எது நியாயம்?
(கணக்குக் கட்டுரை)



நம்ம ஊரில் தாயம் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் ரெண்டு வீட்டில் ஒரே மாதிரி ஆட மாட்டார்கள். "எங்க வீட்ல இப்படித்தான்" என்று சண்டை வரும். இந்தக் கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுத் திண்ணையிலும் வந்தது. அதை நிகழ்தகவு பாடத்தை வைத்துத் தீர்த்தோம். அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில் கட்டை. பித்தளைத் தாயக்கட்டை ரெண்டு. ஒவ்வொன்றிலும் நாலு பக்கம்: 1 புள்ளி, 2 புள்ளி, 3 புள்ளி, புள்ளி இல்லாத பக்கம். ரெண்டையும் உருட்டினால் 4 × 4 = 16 வழியில் விழலாம்.

தாயம் (1) – 2 வழி
இரண்டு – 3 வழி
மூன்று – 4 வழி
நான்கு – 3 வழி
ஐந்து – 2 வழி
ஆறு – 1 வழி
பன்னிரண்டு (ரெண்டும் புள்ளி இல்லாமல்) – 1 வழி
மொத்தம் – 16 வழி

தாயம் விழுந்தால்தான் காய் இறக்கலாம். அதன் வாய்ப்பு 2/16, அதாவது 1/8. சராசரியாக 8 உருட்டுக்கு ஒரு தடவைதான் விழும்.

எங்கள் வீட்டு விதி இது. எதிராளி காய் இருக்கும் கட்டத்துக்குச் சரியாகப் போனால் வெட்டலாம். மலையில் இருக்கும் காயை வெட்டக்கூடாது. வெட்டினவருக்கு இன்னொரு உருட்டு. ஒரு வெட்டாவது வெட்டினால்தான் உள் கட்டத்துக்குப் போய்ப் பழம் எடுக்கலாம்.

லீவுக்கு வந்த பெரியப்பா மகன் அண்ணன் ஒரு புது விதி சொன்னார். "வெட்டினா, தாயம் இல்லாமலே நம்ம காய் ஒண்ணு இறக்கிக்கலாம்." கேட்கும்போது ஜாலியாக இருந்தது. ஆனால் வெட்டினவருக்குக் காய் கூடிக்கொண்டே போனது. காய் கூடினால் வெட்டும் கூடும். என் தம்பி (மூன்றாம் வகுப்பு) காய் எல்லாம் வெட்டுப்பட்டு, கட்டத்தில் ஒன்றுகூட இல்லாமல் தாயத்துக்காக உருட்டிக்கொண்டே இருந்தான். கடைசியில் கட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு, "இனிமே உங்க கூட ஆடவே மாட்டேன்" என்று அழுதுகொண்டே போய்விட்டான். ரெண்டு நாள் திண்ணைப் பக்கமே வரவில்லை.

நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 8 தடவை உருட்டியும் தாயமே விழாமல் போக எவ்வளவு வாய்ப்பு? 7/8ஐ 8 தடவை பெருக்க வேண்டும். 0.34 வருகிறது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! தம்பிக்கு ராசி இல்லை என்று நாங்கள் சிரித்தது தப்பு. வெட்டுப்பட்டவர் நடந்த கட்டத்தையும் இழக்கிறார், திரும்ப வர நெடுநேரம் காத்தும் கிடக்கிறார். அது ரெண்டு தண்டனை. அதற்கு மேல் வெட்டினவருக்கு ரெண்டு பரிசு என்றால் எப்படி நியாயம் ஆகும்?

அண்ணன் விதியை எடுத்துவிட்டு, வெட்டைக் குறைக்கலாம் என்று நான் ஒரு விதி போட்டேன். ஒரே கட்டத்தில் ஒருவருடைய ரெண்டு காய் சேர்ந்து இருந்தால் அது ஜோடி, வெட்டக்கூடாது. இது அதைவிட மோசம். எல்லாரும் ஜோடி கட்டி உட்கார்ந்துகொண்டோம். வெட்டு இல்லை, வெட்டு இல்லாததால் உள்ளே போக முடியவில்லை. விளக்கு வைக்கும் நேரம் வரை ஒருத்தரும் ஒரு பழம் எடுக்கவில்லை. நான் போட்ட புது விதி பழைய விதியோடு மோதும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்போது அப்பத்தா சொன்னது: "வெட்ட விடு. வெட்டுப்பட்டவ திரும்பி வர்றதுக்கும் வழி விடு."

அதனால் ஜோடி விதியையும் எடுத்துவிட்டு, ஒரே ஒரு மாற்றம் செய்தோம். வெட்டுப்பட்ட காயை மட்டும் தாயத்துக்கும் இறக்கலாம், ஐந்துக்கும் இறக்கலாம். இப்போது 2 + 2 = 4 வழி. வாய்ப்பு 4/16, அதாவது 1/4. 8 உருட்டிலும் விழாமல் போக வாய்ப்பு 0.10தான். வெட்டுக்குப் பயமும் இருக்கிறது, திரும்பி வர நம்பிக்கையும் இருக்கிறது. மூன்றாம் நாள் தம்பி தானாக வந்து உட்கார்ந்தான். அன்றைக்கு அண்ணன் காயை ரெண்டு தடவை வெட்டினான்!

விதியை மாற்றுவது தப்பில்லை. அமெரிக்காவில் 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். அதில் கதை சொல்லிக்கொண்டே 20 பக்கப் பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். அங்கேயும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் சொந்த வீட்டு விதி உண்டு. நம் சிவகங்கை மாவட்டக் கீழடி அகழாய்வில் தந்தத்தில் செய்த பகடையே கிடைத்திருக்கிறது. அதை உருட்டியவர்களும் விதிக்காகச் சண்டை போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நாங்கள் கற்றுக்கொண்டது:
1. விதியை ஆட்டத்துக்கு முன்பே சொல்ல வேண்டும், நடுவில் மாற்றக்கூடாது.
2. ஒரு நேரத்தில் ஒரு விதியை மட்டும் மாற்ற வேண்டும். அப்போதுதான் எது கெடுத்தது என்று தெரியும்.
3. ஜெயிக்கிறவரைக் கேட்டு விதி போடக்கூடாது. தோற்கிறவர் இடத்தில் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

உங்களுக்கு ஒரு கணக்கு: கட்டை இல்லாத வீட்டில் புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளையாக உரசி ஆடுவார்கள். 4 கொட்டை போட்டு, ஒன்று மட்டும் வெள்ளையாக விழுந்தால் தாயம். ரெண்டு பக்கமும் சமமாக விழும் என்று வைத்துக்கொண்டால் தாயத்தின் வாய்ப்பு என்ன? கட்டையை விடக் கூடுதலா, குறைவா? விடை அடுத்த இதழில்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, நாச்சியாபுரம்