சான்றிதழைப் படித்த பிறகு தொட்டி மூடியையும் பாருங்கள்

2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியின் எல்.கே.ஜி. சிறுமி கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தாள். அதே ஆண்டு ஏப்ரல் கடைசியில் மதுரை கே.கே. நகரில் ஒரு மழலையர் பள்ளியில் இன்னொரு சிறுமி தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்தாள். திருச்சியில் நாங்கள் மகளுக்கு ப்ளே ஸ்கூல் தேடிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. பாடத்திட்டம், பொம்மைகள், ஏ.சி. அறை எல்லாம் பின்னால் போய்விட்டன. இந்த இடத்துக்கு அரசு என்ன எழுதிக் கொடுத்திருக்கிறது, எழுதிக் கொடுத்தபடி இடம் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளோடுதான் ஒவ்வொரு பள்ளிக்கும் போனோம்.

வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருப்பதைப் பார்த்து யாரும் நிறைவடைந்துவிடக் கூடாது. அறக்கட்டளைப் பதிவுச் சான்று, ஐ.எஸ்.ஓ. சான்று, ஏதோ ஒரு விருது, முதல்வர் மேடம் பிரபலத்தோடு நிற்கும் படம் எல்லாம் கண்ணாடிச் சட்டத்தில் இருக்கும். இவற்றில் எதுவும் பள்ளி நடத்த அனுமதி ஆகாது. தேவையானது அங்கீகார ஆணை. தமிழ்நாட்டில் மழலையர் பள்ளிகளுக்கு அதை மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அலுவலகம் தருகிறது. பார்த்தவுடன் தெரியும்: மேலே ந.க. எண், நாள், கீழே கையெழுத்து, முத்திரை, நடுவில் நாலைந்து நிபந்தனைகள்.

அதை வாங்கி நிதானமாகப் படியுங்கள். மூன்று இடங்களில் விரல் வைத்துப் படிக்க வேண்டும். எந்த முகவரிக்குக் கொடுத்தார்கள், எந்த வகுப்புகளுக்குக் கொடுத்தார்கள், எந்த நாள் வரை செல்லும். நாங்கள் பார்த்த ஒரு பள்ளியில் ஆணை ஒழுங்காகவே இருந்தது. கதவு எண் மட்டும் இடித்தது. விசாரித்தால், ஆணை வாங்கியது இரண்டு தெரு தள்ளியிருந்த பழைய வாடகை வீட்டுக்கு. குழந்தைகள் உட்கார்ந்திருந்தது புதிதாகப் பிடித்த மாடிக் கட்டடத்தில். பழைய வீட்டுக்குப் போட்ட கையெழுத்து இந்த மாடிப்படிக்கு எப்படிப் பொருந்தும்? அந்தப் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே ஒரு குழந்தையின் தலை தாராளமாக நுழையும்.

ஃபிரான்சைஸ் பள்ளிகளில் வேறு விதமான பதில் வரும். "ஆர்டர் காப்பி பார்க்கலாமா மேடம்?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஹெட் ஆபீஸ்ல இருக்கும் மேடம். நம்மளோடது பெரிய பிராண்டு, ஊரெல்லாம் கிளை இருக்கு" என்றார்கள். பிராண்டின் பெயர் பெரியதாக இருக்கட்டும். என் பிள்ளை அந்தப் பெயருக்குள் உட்காரப் போவதில்லை, இந்தக் கட்டடத்துக்குள்தான் உட்காரப் போகிறாள். கிளை ஒவ்வொன்றுக்கும் தனி ஆணை வேண்டும். அது கிளையிலேயே இருக்க வேண்டும்.

ஆணைக்குப் பின்னால் நான்கு சான்றுகள் இருக்கின்றன. கட்டட உறுதிச் சான்று, 1965-ஆம் ஆண்டுப் பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டத்தின்படி தாசில்தார் தரும் கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று. இவற்றை வெறும் சம்பிரதாயம் என்று சொல்கிறவர்களுக்குக் கும்பகோணத்தை நினைவுபடுத்துவேன். 2004 ஜூலை 16 அன்று அங்கே 94 குழந்தைகள் தீயில் இறந்தார்கள். சமையற்கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. ஒரே கட்டடத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளைத் திணித்திருந்தார்கள். இறங்கி ஓட வழி குறுகல். நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது, பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகள் பிரிக்கப்பட்டன, சான்று கேட்பதும் இறுகியது. இன்று ஒரு தாய் தைரியமாக "ஃபயர் சர்டிஃபிகேட் காட்டுங்க" என்று கேட்க முடிகிறதென்றால் அதற்கு அந்தப் பிள்ளைகள் கொடுத்த விலை இருக்கிறது.

குறைகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட்டால் எந்தப் பள்ளியும் தேறாது. அங்கீகார ஆணையே இல்லை, அல்லது வேறு முகவரிக்கு இருக்கிறது என்றால் அதோடு எழுந்து வந்துவிடுவேன். கட்டட உறுதிச் சான்று இல்லாவிட்டாலும் அப்படித்தான். தீயணைப்புச் சான்று தேதி முடிந்திருந்தால் ரசீது கேட்பேன். புதுப்பிக்க விண்ணப்பித்து அலுவலகத்தில் கோப்பு நிற்பது நம் ஊரில் சகஜம். அதற்காக நல்ல பள்ளியை ஒதுக்கத் தேவையில்லை. ஆனால் வருடக்கணக்காகவே விட்டிருந்தால் அது தாமதம் ஆகாது, அலட்சியம்.

கடைசியில் நாங்கள் சேர்த்த பள்ளியில் பொறுப்பிலிருந்த அம்மா கேட்டவுடன் கோப்பை எடுத்து மேசையில் வைத்தார். "பாருங்கம்மா, நாலும் இதுல இருக்கு. ஃபயர் மட்டும் போன மாசம் முடிஞ்சுது. ரினியூவலுக்குப் போட்டிருக்கோம், இதோ ரசீது." குறையை நாங்கள் கண்டுபிடிக்கும் முன்னால் அவரே சொன்னார். புதுச் சான்று வந்த பிறகு பணம் கட்டுகிறோம் என்றோம். முகம் சுளிக்கவில்லை. சான்று வந்ததும் போனில் கூப்பிட்டார்.

காகிதம் சரியாக இருந்தாலும் இடத்தைச் சுற்றிப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். சான்று என்பது அதிகாரி வந்துபோன நாளின் நிலவரம். இரும்புத் தகடு அதற்குப் பிறகும் துருப்பிடித்துக்கொண்டுதான் இருக்கும். வகுப்பறையை அவர்களே காட்டுவார்கள், சிரமமில்லை. "பின்பக்கம் பார்க்கலாமா?" என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். சம்ப் எங்கே, செப்டிக் டேங்க் எங்கே, கிணறு இருந்ததா, மூடினார்களா என்று கேளுங்கள். மூடியை விளிம்பில் காலால் தட்டிப் பாருங்கள், மேலே ஏறி நிற்காதீர்கள். ஆடினாலோ, தகடு செதில் செதிலாக உதிர்ந்தாலோ அது மூடியே அல்ல. கனமான கான்கிரீட் மூடி, அல்லது பூட்டுப் போட்ட இரும்பு மூடி வேண்டும். மூடிக்கு மேல் பூந்தொட்டி வைத்து மறைத்திருந்த இடத்தையும் பார்த்தேன். மூன்று வயதுக் குழந்தை பூந்தொட்டியைப் பார்த்தால் அதை நோக்கித்தான் ஓடும்.

கழிப்பறைக்குப் போகும் வழியில் வகுப்பு மிஸ்ஸின் கண் எட்டுமா என்று அங்கேயே நின்று பார்த்தேன். பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறார்களா என்பதும் முக்கியம், சின்னக் குழந்தைக்கு அரை வாளித் தண்ணீரே ஆபத்து. தீயணைப்பு சிலிண்டரின் மீட்டரில் முள் பச்சையில் நிற்க வேண்டும், பக்கத்தில் தொங்கும் அட்டையில் நிரப்பிய தேதி இருக்க வேண்டும். "இதை எப்படி அடிக்கறதுன்னு தெரியுமாக்கா?" என்று அங்கிருந்த ஆயாவிடம் கேட்டேன். பின்னை இழுத்து, கைப்பிடியை அழுத்தி, தீயின் அடியைப் பார்த்து அடிக்க வேண்டும் என்று கையாலேயே செய்துகாட்டினார். அந்த அக்காவின் செய்கை சுவரில் மாட்டிய எந்தச் சான்றை விடவும் எனக்குத் தெம்பு தந்தது. இந்த வயதுக் குழந்தைகளுக்குத் தரைத்தளம்தான் சரி என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவசரத்தில் இருபது குழந்தைகளை இரண்டு பெரியவர்கள் படிக்கட்டில் இறக்க முடியாது.

அந்த இருபது என்ற கணக்கு என்னுடையது அல்ல. 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர், ஒரு பராமரிப்பாளர் என்பது தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் ப்ளே ஸ்கூல்களுக்கு வகுத்த வழிகாட்டுதல். பள்ளி சொல்லும் எண்ணிக்கையை நம்பி வந்துவிடாதீர்கள். காலை பத்தரை மணிக்கு ஸ்நாக்ஸ் நேரத்தில் போய் நீங்களே எண்ணுங்கள். ஒரு மிஸ் லீவு போட்ட நாளில் என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள்.

சிசிடிவியைப் பெரிதாகச் சொல்வார்கள். செல்போனிலேயே பிள்ளையைப் பார்க்கலாம் என்பார்கள். கேமரா நடந்ததைக் காட்டும், விழுகிற பிள்ளையைப் பிடிக்காது. ஆயா, டிரைவர், வாட்ச்மேன் எல்லோருக்கும் போலீஸ் வெரிஃபிகேஷன் செய்திருக்கிறார்களா என்று கேட்பது கேமராக்களை எண்ணுவதைவிட உபயோகம்.

பெற்றோர் அநேகமாகக் கேட்காத ஒரு பதிவேடு உண்டு. குழந்தைகளுக்கு அடிபட்டால் எழுதும் நோட்டு. "இங்க இதுவரைக்கும் ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை" என்று பெருமையாகச் சொன்ன பள்ளியை நான் நம்பவில்லை. மூன்று வயதுப் பிள்ளைகள் விழாமல் இருக்க மாட்டார்கள். எழுதாத இடத்தில்தான் ஒன்றும் நடக்காதது போலத் தெரியும். இன்னொரு பள்ளியில் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைக் காட்டினார்கள்: சறுக்குமரத்தில் உதடு கிழிந்தது, ஐஸ் வைத்தது, அம்மாவுக்குப் போன் செய்த நேரம், மறுநாள் சறுக்குமரத்தின் விளிம்பில் ரப்பர் ஒட்டியது. இப்படி நிறைய எழுதியிருக்கும் நோட்டு, காலி நோட்டைவிட நல்ல சாட்சி.

வேனில் அனுப்புவதாக இருந்தால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். வெள்ளை போர்டு என்றால் அது சொந்த உபயோக வண்டி, வாடகைக்குப் பிள்ளைகளை ஏற்றக் கூடாது. வண்டி எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டால் எஃப்.சி. எதுவரை, இன்ஷூரன்ஸ் எதுவரை என்று அங்கேயே தெரிந்துவிடும். வண்டியின் தளத்தையும் குனிந்து பாருங்கள். 2012 ஜூலையில் சென்னையில் பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்த பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கென்று மாநிலம் தனி விதிகளைக் கொண்டுவந்தது.

பள்ளி காட்டிய ஆணையில் சந்தேகம் இருந்தால் ந.க. எண்ணைக் குறித்துக்கொண்டு மாவட்டக் கல்வி அலுவலர் அலுவலகத்துக்குப் போகலாம். வாய்மொழியில் பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். "பள்ளி நல்ல பள்ளியா?" என்று கேட்டால் ஒன்றும் வராது. இந்த முகவரியில் இந்தப் பெயரில் இயங்கும் பள்ளிக்கு அங்கீகாரம் உண்டா, எந்த நாள் வரை, கடைசி ஆய்வு அறிக்கையின் நகல் தரவும் என்று ஆவணத்தைக் கேளுங்கள். ஜூனில் சேர்க்க வேண்டுமானால் பிப்ரவரியிலேயே எழுதிப் போட்டுவிடுவது நல்லது.

விஜயதசமி அன்று சேர்க்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் ஆசைப்படுவார்கள். என் அத்தையும் ஆசைப்பட்டார். நல்ல நாளில் நெல்லில் எழுத வைப்பதை வீட்டிலேயே அழகாகச் செய்தோம். அட்மிஷனைச் சான்றுகளுக்காகத் தள்ளிவைத்தோம். அன்றைக்கு மட்டும் ஃபீஸில் தள்ளுபடி என்று பள்ளிகள் அவசரப்படுத்தும். அந்த அவசரத்தில் பின்பக்கம் போய்ப் பார்க்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

எங்கள் வகுப்புப் பெற்றோர் சிலர் சேர்ந்து இப்போது ஒவ்வொரு ஜூனிலும் அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கித் தேதிகளைப் பார்க்கிறோம். மழைக்காலம் தொடங்கும் முன்னால் பின்பக்கத்தை ஒருமுறை சுற்றி வருகிறோம். சென்ற முறை சம்ப் மூடியின் பூட்டு துருவேறிக் கழன்றிருந்ததைப் பார்த்துச் சொன்னோம். சாயங்காலத்துக்குள் மாற்றிவிட்டு, மாற்றிய தேதியைப் பராமரிப்பு நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள்.