மூன்றாம் அடுக்கு

அயோடின் கரைந்த நீரோடு மண்ணெண்ணெய் சேர்த்துப் பிரிபுனலில் குலுக்கினோம். பழுப்பு நீர் வெளிறியது, எண்ணெய் ஊதாவாயிற்று. (வாடைதான் மாலைவரை கையைவிட்டுப் போகவில்லை!) இதுவே கரைப்பான் பிரிப்பு.

அணு உலையில் பயன்பட்ட எரிபொருளிலிருந்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் மீட்பதும் இம்முறையில்தான். மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் 30 விழுக்காடு கலந்த டிரைபியூட்டைல் பாஸ்பேட், நைட்ரிக் அமிலக் கரைசலிலிருந்து அவற்றை இழுத்துக்கொள்கிறது. மதிய உணவுக்கு நாங்கள் முகம் உள்ளும் முதுகு வெளியுமாக வட்டமிட்டு அமர்வதுபோல, அதன் மூலக்கூறுகள் தலைகளை உள்ளே சேர்த்து, வால்களை எண்ணெய்ப்பக்கம் நீட்டிச் சிறு கூட்டங்களாகின்றன. புளூட்டோனியம் மிகுந்தால் கூட்டங்கள் ஒன்றையொன்று ஈர்த்து, எண்ணெயைவிட்டுப் பிரிந்து, கனத்த மூன்றாம் அடுக்காகின்றன. அங்கே புளூட்டோனியம் அளவுக்குமேல் திரண்டால் சங்கிலித்தொடர் வினையே மூளக்கூடும்! ஆகவேதான் கல்பாக்கத்து விஞ்ஞானிகள், வால் சற்று நீண்ட டிரைஐசோஅமைல் பாஸ்பேட்டை ஆராய்ந்தார்கள். அதில் மூன்றாம் அடுக்கு எளிதில் தோன்றுவதில்லை.