இருட்டும் இறக்கமும்: மலைப்பாதை மிதிவண்டிக்கு விளக்கு வாங்குவோர் அறிய வேண்டியவை

மலையில் மிதிவண்டி ஓட்டி அடிபட்டு வருவோரிடம் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி, "ஏறும்போதா, இறங்கும்போதா?" என்பதே. ஏறும்போது மூச்சு வாங்கும், தொடை கடுக்கும். விழுந்தாலும் நடைவேகத்தில்தான் விழ நேரும். இறக்கத்தில் வேகம் நாம் கேளாமலே வந்து சேர்கிறது. அதனோடு இருட்டும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதை ஓர் அன்பரின் அனுபவத்தைக் கொண்டே இம்மாதப் பாடத்தில் விளக்க விரும்புகிறோம். பெயரும் ஊரும் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். மற்றவற்றை எழுத மனமுவந்து இசைந்தார்.

நீலகிரியில் ஆசிரியராகப் பணியாற்றும் அவருக்கு வயது 46. நீரிழிவு கண்டறியப்பட்ட பின் எங்கள் அறிவுரைப்படி மலைப்பாதைக்கேற்ற தடித்த டயர் மிதிவண்டி ஒன்றை வாங்கி, பள்ளி முடிந்தபின் தேயிலைத் தோட்டப் பாதைகளில் ஓட்டத் தொடங்கினார். ஓராண்டில் அவருடைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 8.6-லிருந்து 6.9-க்கு இறங்கியது. நவம்பர் மாதத்து மாலை ஒன்றில், வீடு திரும்பும் வழியில், அவருடைய முன்விளக்கு எவ்வித முன்னறிவிப்புமின்றி அணைந்தது. வளைவின் ஓரத்து மழைநீர் வடிகாலில் சக்கரம் இறங்க, கையை ஊன்றி விழுந்தார். முதலில் காட்டிய இடத்தில் எக்ஸ்ரே எடுத்துச் சுளுக்கு என்று அனுப்பிவிட்டனர். வலி நீங்காமல் பன்னிரண்டாம் நாள் எங்களிடம் வந்தபோது, மணிக்கட்டிலுள்ள படகு வடிவச் சிற்றெலும்பில் விரிசல் தெரிந்தது.

இந்த எலும்பைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறோம். கையை ஊன்றி விழுந்தவருக்குக் கட்டைவிரலின் அடிப்பக்கத்துக் குழியில் அழுத்தினால் வலித்தால், முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் முறிவு இல்லை என்று கொள்ளலாகாது. மாவுக்கட்டோ தாங்கியோ இட்டு, பத்து முதல் பதினான்கு நாள்களுக்குள் மீண்டும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். இரத்தவோட்டம் குறைந்த எலும்பாகையால், கவனியாது விட்டால் கூடாமலே போய்விடுவதுண்டு.

கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய துணைவியார் எங்களிடம் கேட்டார்: "டாக்டர், அந்தச் சைக்கிளை விற்றுவிடலாமா? நான் சொன்னால் கேட்கமாட்டார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்."

விற்றுவிடுங்கள் என்று சொல்வது எங்களுக்கு எளிது. ஆனால் சர்க்கரையை இறக்கியது அந்த மிதிவண்டிதான். மேலும், தவறு எங்கள் பக்கத்திலும் இருந்தது. தினமும் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்த நாங்கள், எந்த நேரத்தில், எந்தப் பாதையில், எந்த விளக்கோடு ஓட்டுவீர்கள் என்று ஒருமுறையும் கேட்கவில்லை. மாத்திரைக்கு வேளை குறிக்கும் கை இதற்கும் வேளை குறித்திருக்க வேண்டும். ஆகவே அந்த அம்மையாருக்கு அன்று விடை கூறாமல், அடுத்த முறை வரும்போது அணைந்த விளக்கைக் கொண்டு வருமாறு மட்டும் கேட்டுக்கொண்டோம்.

அவர் கொண்டு வந்த விளக்கு உள்ளங்கையில் அடங்கும் சிறு பொருள். பெட்டியின் மேல் 10,000 லூமன் என்றும், உள்ளிருந்த மின்கலத்தின் மேல் 9,900 மில்லியாம்பியர் மணி என்றும் அச்சிடப்பட்டிருந்தன. விலை ஐந்நூறு ரூபாய்க்கும் குறைவு. இவ்விரண்டு எண்களும் மெய்யாயிருக்க முடியாது என்பதைப் பள்ளிக் கணக்காலேயே காட்டலாம்.

இவ்வகை விளக்குகளில் பெரும்பாலும் இருப்பது 18650 என்னும் எண்ணால் அழைக்கப்படும் லித்தியம் கலம். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம் என்பதே அந்த எண்ணின் பொருள். இந்த அளவுள்ள நல்ல கலத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 3,500 மில்லியாம்பியர் மணியோடு நின்றுவிடும். 9,900 என்று எழுதியிருந்தால் எழுதியவர் பொய் சொல்கிறார், அவ்வளவுதான். 3,500 மில்லியாம்பியர் மணியை 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 12.6 வாட் மணி ஆற்றல் கிடைக்கும். நல்ல எல்.இ.டி. ஒன்று வாட் ஒன்றுக்கு 100 லூமன் அளவில் ஒளி தரும் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கலத்தில் இருப்பது சுமார் 1,200 லூமன் மணி. அதாவது 600 லூமன் ஒளியில் இரண்டு மணி நேரம், அல்லது 300 லூமன் ஒளியில் நான்கு மணி நேரம். உண்மையிலேயே 10,000 லூமன் தருமாயின் அது ஏழெட்டு நிமிடத்தில் தீர்ந்துபோகும். அதற்கு முன் சூட்டில் விளக்கே உருகியிருக்கும். நல்ல கலம் 45 கிராமுக்குக் குறையாது. ஆசிரியர் கொண்டு வந்ததை மருந்தகத்துத் தராசில் வைத்தோம், 29 கிராம்.

அப்படியானால் எவ்வளவு ஒளி வேண்டும்? இதற்கு விடை காண, விளக்கைவிட்டுச் சற்று விலகி வேகத்தையும் கண்ணையும் பார்க்க வேண்டும்.

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடியில் 8 மீட்டருக்குச் சற்று அதிகமாகக் கடக்கிறோம். எதிரே தடை இருப்பதைக் கண்டு, உணர்ந்து, விரல் பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி ஆகும் என்று கொள்வோம். அதற்குள் 12 மீட்டர் போய்விடுகிறது. ஈரமான இறக்கத்தில் மெல்லப் பிரேக் பிடித்து நிற்க மேலும் 14 மீட்டர் தேவைப்படும். ஆக 26 மீட்டர். வேகத்தை 20-ஆகக் குறைத்தால் மொத்தம் 15 மீட்டரில் நின்றுவிடலாம். நம் விளக்கு எத்தனை மீட்டர் வரை குழியையும் கல்லையும் தெளிவாகக் காட்டுகிறதோ, அதற்குள் நிற்கக்கூடிய வேகமே நமக்குரிய வேகம். ஒளி தொலைவு செல்லச் செல்லச் சீராகக் குறைவதில்லை. தொலைவு இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகிவிடும். விளக்கை இரட்டிப்பாக்கினால் பார்வைத் தொலைவும் இரட்டிப்பாகும் என்று எண்ணிப் பணத்தைச் செலவிடுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். வேகத்தைக் குறைப்பதற்குக் காசு வேண்டியதில்லை.

இனிக் கண். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்த கண் முழுமையாகப் பழகுவதற்கு அரை மணி நேரம் வரை ஆகும். எதிரே வரும் பேருந்தின் விளக்கு ஒரே கணத்தில் அப்பழக்கத்தைக் கலைத்துவிடும். ஆகையால் எதிர்வண்டி வரும்போது அதன் விளக்கைப் பாராமல், சாலையின் இடது ஓரத்தைப் பார்த்து மெதுவாகச் செல்லுங்கள். ஐயமிருந்தால் இறங்கி நில்லுங்கள். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதில் எட்டுவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. மகனுக்குப் போதுமான விளக்கு தந்தைக்குப் போதாமற்போவது இதனால்தான். கண்புரை தொடங்கியவர்களுக்கு எதிரொளி சிதறி, கண் முழுவதும் வெண்மையாகப் பரவும். நீரிழிவால் விழித்திரைக்கு லேசர் சிகிச்சை பெற்றவர்களுக்கு இருட்டுப் பார்வை குறைந்திருக்கக் கூடும். அவர்கள் கண் மருத்துவரைக் கேட்காமல் மாலைக்குப்பின் ஓட்ட வேண்டாம். கண்ணில் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்ட நாளிலும் வேண்டாம்.

நீலகிரி போன்ற மலைகளில் அந்தி மிகக் குறுகியது. நம் அகலாங்கில் சூரியன் மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிடங்களில் வெளிச்சம் போய்விடும். மேற்கே மலை மறைக்கும் பள்ளத்தாக்குகளில் அதற்கும் முன்பே இருட்டும். டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் கதிரவன் மறைந்துவிடுகிறான் என்பதைக் கணக்கிட்டு, திரும்பும் நேரத்தைக் கிளம்பும்போதே குறித்துக்கொள்வது நன்று. எந்த விளக்கைவிடவும் நாங்கள் பெரிதாகப் பரிந்துரைப்பது இதனைத்தான்.

மூடுபனியில் விளக்கே பகையாகிவிடும். பனித்துளிகள் ஒளியை நம் கண்ணுக்கே திருப்பி அனுப்புவதால் எதிரே வெண்சுவர் எழுந்தது போலிருக்கும். தலைக்கவசத்தில் பொருத்திய விளக்கு கண்ணுக்கு அருகில் இருப்பதால் பனியில் அதுவே மிகவும் துன்புறுத்தும்; அதனை அணைத்துவிடுக. ஹேண்டில்பாரில் உள்ள விளக்கை ஒளி குறைத்து, கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தால் ஓரளவு பாதை தெரியும். பனியில்லாத வறண்ட இரவில் நிலைமை வேறு: கொண்டை ஊசி வளைவில் ஹேண்டில்பார் விளக்கு வளைவுக்கு வெளியே, பள்ளத்தைக் காட்டிக்கொண்டிருக்கும், தலை திரும்பும் பக்கம் ஒளி திரும்பவேண்டுமாயின் தலைக்கவச விளக்கே உதவும். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அத்தகைய பாதையில் இரவில் இறங்குவது எந்த விளக்கோடும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமைகள் மாலையில் பாதைக்கு வரும். கருத்த உடல் ஒளியை விழுங்கிவிடும். மிக அருகில் சென்ற பிறகே தெரியும். ஒளியை அதன் முகத்தில் அடித்து விரட்ட முயலாமல், தொலைவிலேயே நின்று, திரும்பிவிடுங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றை, அந்த ஆசிரியரோடு அமர்ந்து எழுதிய வரிசைப்படியே கூறுகிறோம். தார்ச்சாலைக்கு மெய்யான 300 முதல் 400 லூமன் போதும். கரடுமுரடான மண்பாதைக்கு 600 முதல் 800 வேண்டும். முதல் வகை இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஒளி அளவோடு, அந்த அளவில் எத்தனை மணி நேரம் எரியும் என்பதையும் சேர்த்து அச்சிட்டிருக்கும் பொருளையே பாருங்கள். இரண்டையும் பெருக்கி, மேற்சொன்ன கணக்கோடு ஒப்பிடுங்கள். மின்கலம் தீரும் முன் எச்சரிக்கும் சிறுவிளக்கு கட்டாயம் இருக்க வேண்டும். ஆசிரியரின் விளக்கில் இல்லாதது அதுவே. ஐ.பி.எக்ஸ்.4 என்ற குறி எப்பக்கமிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும் என்பதைக் காட்டும். மலைமழைக்கு அதுவே குறைந்தபட்சம். சாலையில் ஓட்டுவோர், மேல்விளிம்பு வெட்டப்பட்ட ஒளிக்கற்றை கொண்ட விளக்கைத் தேர்ந்தால் எதிரே வருவோரின் கண் கூசாது. ஜெர்மனியில் சாலைவிதியே அதனைக் கோருகிறது.

பின்விளக்கைப் பலர் மறந்துவிடுகின்றனர். முன்விளக்கு நாம் பார்ப்பதற்கு; சிவப்புப் பின்விளக்கு நம்மைப் பிறர் பார்ப்பதற்கு. இதற்குப் பெரும் ஒளி தேவையில்லை. மினுக்கும் விளக்கு கண்ணை ஈர்க்கும், எனினும் தொலைவைக் கணிக்க நிலையாக எரியும் விளக்கே உதவும். ஆகவே ஒன்றை நிலையாக எரியவிட்டு, விரும்பினால் மற்றொன்றை மினுக்க விடலாம். ஒளி மினுக்கலால் வலிப்பு தூண்டப்படும் நோயாளர்கள் வீட்டிலிருந்தால் மினுக்கும் நிலையைப் பயன்படுத்தவே வேண்டாம். கணுக்காலில் ஒளி எதிரொளிக்கும் பட்டை கட்டிக்கொள்வது மிக மலிவான நற்காப்பு. மேலும் கீழும் அசையும் அந்தப் பட்டையைக் கண்டதும் ஓட்டுநர் அது மனிதன் என்று உடனே உணர்ந்துகொள்கிறார். முன்னாளில் டயரில் உரசிச் சுழன்ற டைனமோ 6 வோல்ட், 3 வாட்தான். நின்றால் விளக்கும் நின்றுவிடும். ஆனால் மலையேறியவர் நடுவழியில் மின்கலம் தீர்ந்து தவித்ததில்லை!

வீட்டில் நோயாளரைப் பேணுவோருக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஆக்சிஜன் உருளையோ ஆக்சிஜன் செறிவூட்டியோ இயங்கும் அறையில் இவ்விளக்குகளைச் சார்ஜ் செய்யக் கூடாது. மலிவான லித்தியம் கலம் தீப்பற்றுவதுண்டு. ஆக்சிஜன் மிகுந்த அறையில் தீ கட்டுக்கடங்காது. உப்பிய கலத்தை மீண்டும் சார்ஜ் செய்யாதீர்கள். இரவில் சார்ஜில் போட்டுவிட்டு உறங்காதீர்கள்.

இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோர் தலையில் அடிபட்டு விழுந்தால், வலியில்லை என்று வீட்டிலிருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு வரவேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்வோர் விளக்கோடு கூடவே குளுக்கோஸ் பொட்டலமும் எடுத்துச் செல்லுங்கள். கை நடுக்கம் குளிராலா, சர்க்கரை இறங்கியதாலா என்று இருட்டில் பிரித்தறிவது கடினம்.

புதிய விளக்கை வாங்கிய அன்றே செய்ய வேண்டிய பயிற்சி இது. முழுமையாகச் சார்ஜ் செய்து, நீங்கள் ஓட்டப்போகும் ஒளி நிலையில் எரியவிடுங்கள். எதிரே மேசை மின்விசிறி ஒன்றை ஓட விடுங்கள். ஓடும் வண்டியில் கிடைக்கும் காற்று இல்லாவிட்டால் விளக்கு சூடேறித் தானே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எப்போது எரிந்தது, முழுதும் அணைந்தது எப்போது என இரு நேரங்களையும் எழுதி வையுங்கள். குளிரில் கலத்தின் திறன் குறையுமாதலால், வீட்டில் கிடைத்த நேரத்தில் முக்கால் பங்கையே மலையில் நம்புங்கள்.

மணிக்கட்டு கூடி, உடற்பயிற்சிச் சிகிச்சை முடிந்து, மார்ச் மாதத்தில் அந்த ஆசிரியர் மீண்டும் ஓட்டத் தொடங்கினார். மிதிவண்டியை விற்கவில்லை. பயிற்சியைச் செய்தவர் அவருடைய துணைவியார்தான். எச்சரிக்கை விளக்கு எரிந்தது ஒரு மணி ஐம்பது நிமிடத்தில். அணைந்தது இரண்டு மணி இருபதில். இரண்டையும் சமையலறை நாட்காட்டியில் எழுதி, கீழே "மாலை ஐந்தே முக்காலுக்குள் வீடு" என்று சேர்த்திருப்பதாகச் சென்ற பரிசோதனையின்போது கூறினார்.